பணம் வந்தால் போதுமா?

சுற்றுச்சூழலுக்கென்று உலக நிதியங்கள் தரும் பணம் பல காலம் ஐ.நா. அமைப்புகள், உலக வங்கி வழியாகத்தான் நமக்கு வந்துகொண்டிருந்தது. கியோட்டோ ஒப்பந்தத்தில் பிறந்த தழுவல் நிதியத்திடம் நேரடியாக வாங்கி நடத்தும் தகுதியை 2012-ல் நம் நபார்டு வங்கி பெற்றது. 2015-ல் பசுமைப் பருவநிலை நிதியத்திலும் பெற்றது. தமிழ்நாட்டிலும் ராஜஸ்தானிலும் நீர்வடிப்பகுதிகளைப் பருவநிலை மாற்றத்தைத் தாங்கும்படி சீர்செய்யும் திட்டம் அப்படி வந்ததுதான். பெருமைதான், மறுக்கவில்லை.

ஆனால் தகுதி மும்பைத் தலைமையகத்தில் இருக்கிறது. கணக்கு பிறப்பதோ கிராமத்து நீர்வடிப்பகுதிக் குழுவில். கல் இறக்கியவருக்குக் கொடுத்த கூலிக்கு வவுச்சர் இல்லையென்றால் அடுத்த தவணைக்குச் சிக்கல். ஆயுள் முழுக்க ஃபைல் கட்டியவன் சொல்கிறேன்: வேலை தெரியாமல் நின்ற திட்டங்களைவிடக் காகிதம் சேராமல் நின்றவற்றைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆரணியில் பாவு பிணைக்க ஆள் வரும்வரை எவ்வளவு கைதேர்ந்த நெசவாளரும் தறி முன்னால் சும்மாதான் உட்கார்ந்திருப்பார்.

திறன் வளர்ப்பு என்றால் அதிகாரிகளை ஓட்டலில் இரண்டு நாள் உட்கார வைப்பது வழக்கமாகிவிட்டது. (சாப்பாடு நன்றாயிருக்கும்.) அந்தச் செலவில் குழுவுக்கு ஒரு கணக்கரை வைத்துச் சம்பளம் கொடுக்கட்டும். திட்டம் முடியும்வரை அவரை மாற்றாமலும் இருக்கட்டும்.