முழங்கால் எவ்வளவு மடங்கும்?

தேய்ந்துபோன முழங்காலுக்குச் செயற்கை மூட்டுப் பொருத்தும் அறுவை இன்று பரவலாகிவிட்டது. வீட்டில் பாட்டிக்கு அதைச் செய்வதென்று முடிவானதும் எல்லோரும் கேட்பது, "எந்த மூட்டு நல்லது?" என்பதைத்தான். "இப்போது கால் எத்தனை பாகை மடங்குகிறது?" என்றல்லவா முதலில் கேட்க வேண்டும்!

காலை நேராக நீட்டினால் 0 பாகை. சமதரையில் நடக்க ஏறத்தாழ 65 பாகை மடங்கினால் போதும். மாடிப்படி இறங்க 90 பாகையாவது வேண்டும். குந்தி உட்கார 130-ஐயும் தாண்ட வேண்டும். ஆகவே பாட்டி இனித் தரையில் அமர்வாரா, நாற்காலிதானா என்பதை இருபது முப்பது பாகைகள் தீர்மானிக்கின்றன.

நியூயார்க்கில் 1974-இல் ஜான் இன்சால் குழுவினர் பொருத்திய மூட்டு, இன்றைய மூட்டுகளுக்கு முன்னோடி. அது சுமார் 90 பாகையே மடங்கியது. பின்னர் வடிவம் திருந்தியது, மடக்கமும் கூடியது. ஆனால் 2000-க்குப் பின் "அதிகம் மடங்கும்" என்று விளம்பரமான மூட்டுகளைச் சாதாரண மூட்டுகளோடு ஒப்பிட்டபோது, குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை! காரணம் எளிது. மாற்றப்படுவது எலும்பு முனைகளின் மேற்பரப்பு. தசையும் தசைநாரும் மூட்டைச் சுற்றிய உறையும் பெரும்பாலும் பழையவையே. மரம் உப்பிய கதவுக்குப் புதுக் கீல் போட்டால் முழுதும் திறந்துவிடுமா?

அறுவைக்கு முன் இருந்த மடக்கமே பின்னால் வரப்போவதை முன்னறிவிக்கும் தலையாய அளவு. இதில் ஒரு விந்தை: மிக விறைத்த கால்கள் சற்று மடக்கம் பெறுகின்றன, நன்றாக மடங்கிய கால்களோ சற்று இழக்கின்றன. தொடை பருமனும், முதல் சில வாரப் பயிற்சியும் கணக்கில் சேரும். பயிற்சி குறைந்தால் உள்ளே தழும்புத்திசு இறுகிவிடும்.

எனவே "120 பாகை வரும்" என்று ஒற்றை எண்ணாகச் சொல்வது சரியல்ல. "100 முதல் 120 வரை வரலாம்" என்று நோயாளியிடம் அறுவைக்கு முன்பே சொல்ல வேண்டும். தரையில் அமர முடியாது போகலாம் என்பதைப் பிறகு தெரிந்துகொள்வது கொடுமை.

மாணவர்களே, உங்கள் வடிவியல் பெட்டியில் கோணமானி இருக்கிறதே! பாட்டியைப் படுக்கச் சொல்லி, முழங்காலின் வெளிப்பக்க நடுவில் அதன் மையத்தை வையுங்கள். ஒரு கோடு இடுப்பை நோக்கட்டும். மற்றது கணுக்காலை நோக்கட்டும். கிடைக்கும் கோணத்தை 180-இலிருந்து கழித்துக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். வலிக்கும்வரை மடக்கச் சொல்லிவிடாதீர்கள்.