பெருகும் ரோபோக்கள், பார்க்கத் தவறும் கருவிகள்: தொழிற்சாலைத் தானியக்க ஆய்வு செல்ல வேண்டிய திசை எது?

புதுடெல்லி: இந்தியத் தொழிற்சாலைகளில் 2024-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 9,100 தொழில்துறை ரோபோக்கள் புதிதாக நிறுவப்பட்டுள்ளன. சர்வதேச ரோபோட்டிக்ஸ் கூட்டமைப்பின் கணக்குப்படி, ஆண்டு நிறுவல்களில் இந்தியா இப்போது உலகில் ஆறாவது இடத்தில் உள்ளது. இவற்றில் ஏறக்குறைய பாதி வாகன உற்பத்தித் துறைக்குச் சென்றுள்ளது. தொழிற்சாலைத் தானியக்கம் குறித்து மாநாடு நடந்தாலும், அரசு அறிவிப்பு வெளிவந்தாலும் அதனுடன் ஒரு ரோபோ கையின் படம் இடம்பெறுவதற்கு இந்த வளர்ச்சியே காரணம்.

ஆனால் தானியக்கத்தின் மிகப் பெரிய பகுதி கண்ணுக்குப் புலப்படாதது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம், உர ஆலை, மருந்து மூலப்பொருள் ஆலை, எரிபொருள் கிடங்கு ஆகியவற்றில் ரோபோக்களைக் காண்பது அரிது. அங்கே வெப்பநிலை, அழுத்தம், திரவ மட்டம், ஓட்டம் ஆகிய நான்கையும் சென்சார்கள் இடைவிடாது அளக்கின்றன. அந்த அளவுகளைக் கொண்டு கணினிகள் வால்வுகளைத் திறக்கின்றன, மூடுகின்றன. வாகன ஆலையில் ரோபோ பழுதானால் உற்பத்தி நிற்கும். வேதி ஆலையில் ஓர் அளவீடு தவறினால் ஆலையின் மதிலுக்கு வெளியே உறங்கிக்கொண்டிருப்பவரின் உயிர் போகும். 2025 ஜூன் 30 அன்று தெலங்கானாவின் பாஷமைலாரத்தில் மருந்துத் துணைப்பொருள் ஆலையில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பின்னர், இந்தத் துறையின் ஆய்வுகள் எதை நோக்கிச் செல்கின்றன என்ற கேள்வி மீண்டும் எழுந்துள்ளது.

விசாகப்பட்டினம் காட்டிய குறை

இக்கேள்விக்கு விடை தேடுவோர் படிக்க வேண்டிய ஆவணம் ஒன்று ஏற்கெனவே பொதுவெளியில் உள்ளது. 2020 மே 7 அதிகாலையில் விசாகப்பட்டினத்தை அடுத்த ஆர்.ஆர். வெங்கடாபுரத்தில் எல்ஜி பாலிமர்ஸ் ஆலையின் தொட்டியிலிருந்து ஸ்டைரீன் ஆவி வெளியேறியது. 12 பேர் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். ஆந்திரப் பிரதேச அரசு அமைத்த உயர்நிலைக் குழு அதே ஆண்டு ஜூலையில் அளித்த அறிக்கை, சட்ட நடவடிக்கைக்கு அடிப்படையானதைக் காட்டிலும் பெரிய பயன் உடையது. ஒரு கட்டுப்பாட்டு அமைப்பு எவ்வாறு படிப்படியாகக் குருடாகும் என்பதை அது விரிவாகப் பதிவு செய்துள்ளது.

ஸ்டைரீன் சும்மா இருக்கும் திரவமன்று. வெப்பம் ஏறினால் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து பாலிமராக மாறத் தொடங்கும். அந்த மாற்றமே மேலும் வெப்பத்தை உண்டாக்கும். அந்த வெப்பம் மாற்றத்தை இன்னும் விரைவுபடுத்தும். இதைத் தடுக்கத் தொட்டியைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டும். டிபிசி என்னும் தடுப்பு வேதிப்பொருளைப் போதிய அளவில் சேர்க்க வேண்டும். அப்பொருள் வேலை செய்யத் திரவத்தில் கரைந்த ஆக்சிஜனும் தேவை. ஊரடங்கால் மார்ச் இறுதியிலிருந்து ஆலை இயங்கவில்லை. 1,800 டன்னுக்கும் மேற்பட்ட ஸ்டைரீன் எம்-6 என்ற பழைய தொட்டியில் தேங்கிக் கிடந்தது.

அத்தொட்டியில் வெப்பநிலையை அளக்கும் சென்சார் அடிப்பகுதியில் மட்டுமே இருந்தது. நடுப்பகுதியிலும் மேற்பகுதியிலும் எதுவும் இல்லை. 2019 டிசம்பரில் தொட்டியின் குழாயமைப்பில் செய்யப்பட்ட மாற்றத்தால் திரவம் மேலும் கீழுமாகக் கலப்பது குறைந்தது என்று குழு கண்டறிந்தது. குளிரூட்டும் அமைப்பு நாள் முழுவதும் இயக்கப்படவில்லை. மாலை 5 மணிக்கு நிறுத்தப்பட்டு வந்தது. டிபிசி போதிய இருப்பில் இல்லை. கரைந்த ஆக்சிஜனை அளக்க ஏற்பாடே இல்லை. குளிர்ந்த திரவம் அடியில் தங்க, மேலடுக்கு தனியே சூடேறிக்கொண்டிருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஒற்றைச் சென்சார் பழுதாகவில்லை. தான் இருந்த இடத்தின் வெப்பநிலையை அது சரியாகவே காட்டியது. ஆனால் ஆலையை நடத்தியவர்கள் அதைத் தொட்டி முழுவதன் வெப்பநிலையாக எடுத்துக்கொண்டனர். பிழை கருவியில் இல்லை. கருவியை எங்கே, எத்தனை வைப்பது என்ற முடிவில் இருந்தது.

இது தற்செயலான கவனக்குறைவு என்று கடந்துவிட முடியாது. சில இடங்களில் மட்டும் அளந்து, அளக்காத இடத்தின் நிலையை அறிய முடியுமா என்ற கேள்விக்குக் கட்டுப்பாட்டுப் பொறியியலில் 1960-ஆம் ஆண்டிலேயே ருடால்ஃப் கால்மன் கணித அடிப்படை வகுத்தார். செயற்கைக்கோளின் இருப்பிடத்தைக் கணிப்பது முதல் கைப்பேசியில் வரைபடம் காட்டுவது வரை இன்று அதன் வழிவந்த முறைகள் பயன்படுகின்றன. ஒரு தொட்டிக்கு எத்தனை சென்சார், எந்த உயரத்தில், எதைக் குறைத்தால் எந்த ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்லும் 'சென்சார் வலையமைப்பு வடிவமைப்பு' இதன் ஒரு கிளை. இந்தியத் தொழில்நுட்பக் கல்வி நிலையங்களில் இத்துறையில் நல்ல ஆய்வுகள் நடந்துள்ளன. ஆனால் பல பத்தாண்டுகள் பழைமையான ஒரு தொட்டியில் ஏறி, இங்கே இரண்டு கருவிகள் குறைவு என்று சொல்லும் பொறுப்பை அவை யாரிடமும் ஒப்படைக்கவில்லை.

கணக்கைச் சரிபார்க்கும் கலை

கருவி இருந்தும் அது பொய் சொல்லும் நிலை இன்னொரு வகை. மளிகைக் கடைக்காரர் இரவில் கல்லாவையும் கணக்கு நோட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது போல, ஆலையின் அளவீடுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். ஒரு பிரிகலனுக்குள் மணிக்கு 100 டன் திரவம் நுழைகிறது என்கிறது ஒரு மீட்டர். வெளியேறும் இரு குழாய்களில் 60, 50 டன் என்று காட்டுகின்றன மற்ற இரண்டு. பொருள் எங்கிருந்தும் முளைத்துவிடாது. ஆகவே மூன்றில் ஒன்றேனும் தவறு. நூற்றுக்கணக்கான குழாய்கள் உள்ள ஆலையில் எது தவறு என்பதைப் புள்ளியியல் வழியே கண்டுபிடிக்கும் முறைக்குத் தரவு ஒப்பீட்டுச் சீரமைப்பு என்று பெயர் சொல்லலாம். இத்துறையில் உலகெங்கும் எடுத்தாளப்படும் நூல்களுள் ஒன்றைக் கால் நூற்றாண்டுக்கு முன்பு கார்னீலியஸ் ஜோர்டாஷுடன் இணைந்து எழுதியவர், சென்னை ஐஐடியின் வேதிப் பொறியியல் துறையைச் சேர்ந்த பேராசிரியர் சங்கர் நரசிம்மன். அறிவு வெளியிலிருந்து இறக்குமதியாக வேண்டிய நிலை இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

குறைவாக எச்சரிக்கும் அமைப்பு எவ்வளவு ஆபத்தோ, அளவுக்கு மீறி எச்சரிக்கும் அமைப்பும் அவ்வளவே ஆபத்து. 1994 ஜூலை 24 அன்று பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் மில்ஃபோர்டு ஹேவனில் உள்ள சுத்திகரிப்பு ஆலையில் வெடிவிபத்து நேர்ந்தது. அதற்கு முந்தைய 11 நிமிடங்களில் இரண்டு பணியாளர்களின் முன் ஒலித்த எச்சரிக்கைகள் 275. எதைக் கவனிப்பது? அதன்பின் பிரிட்டனில் 1999-இல் வெளிவந்த வழிகாட்டி நெறிகள், ஒருவருக்குச் சராசரியாகப் பத்து நிமிடங்களுக்கு ஓர் எச்சரிக்கை என்பதே ஏற்கத்தக்க அளவு என்றன. கணினிமயம் வந்தபின் ஓர் எச்சரிக்கையைச் சேர்க்கத் தனிக் கம்பியோ விளக்கோ தேவையில்லை. திரையில் ஒரு வரி போதும். செலவில்லாத காரணத்தாலேயே அவை குவிகின்றன. நூறு எச்சரிக்கைகளில் மூலக் காரணம் எது, அதன் விளைவுகள் எவை என்று உடனுக்குடன் பிரித்துச் சொல்லும் மென்பொருள், செயற்கை நுண்ணறிவை இத்துறையில் பயன்படுத்துவதற்கு மிகத் தகுதியான இடம். விளம்பரத்துக்கு ஏற்ற ஆய்வாக அது இல்லாமற்போனது வேறு விஷயம். விசாகப்பட்டினத்தில் நடந்ததோ இதற்கு நேர் எதிர்: அபாயச் சங்கை ஒலிக்கச் செய்ய ஆலையில் 36 இடங்களில் வசதி இருந்தும், ஊருக்கு அது ஒலிக்கவே இல்லை என்கிறது உயர்நிலைக் குழு.

வாங்கியபின் மறக்கப்படும் பாதுகாப்பு

போபாலில் 1984 டிசம்பரில் நச்சுவாயு கசிந்தபோது, மீத்தைல் ஐசோசயனேட் தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்பு அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரம் பராமரிப்புக்காகத் துண்டிக்கப்பட்டிருந்தது. 2009 அக்டோபர் 29 அன்று ஜெய்ப்பூரின் சீதாபுராவில் இந்தியன் ஆயில் கிடங்கில் பெட்ரோல் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கசிந்து, ஆவியாகித் தீப்பிடித்ததில் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வால்வைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்தே மூடும் வசதி அங்கே முன்பு இருந்தது; ஆனால் அது 2003 முதல் செயலிழந்து கிடந்ததை எம்.பி. லால் குழு சுட்டிக்காட்டியது. ஆக, இந்த இரு இடங்களிலும் தானியக்கம் வாங்கப்பட்டிருந்தது. வாங்கியது உயிருடன் இருக்கிறதா என்று பார்ப்பதே விடுபட்டுப் போனது.

பாதுகாப்பு வால்வுகளுக்கு ஒரு விசித்திரமான இயல்பு உண்டு. பல ஆண்டுகள் அசையாமல் இருந்து, ஒரே ஒரு நொடியில் அசைய வேண்டும். துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த நொடியில்தான் தெரியவரும். உற்பத்தியை நிறுத்தாமல் வால்வைச் சிறிதளவு மட்டும் நகர்த்திச் சோதிக்கும் முறைகளும், வால்வின் அசைவுப் பதிவைக் கொண்டே அதன் தேய்மானத்தைக் கணிக்கும் முறைகளும் உலகளவில் வளர்ந்துவருகின்றன. கடற்கரையோர ஆலைகளில் உப்புக்காற்றும் வட இந்திய ஆலைகளில் புழுதியும் கருவிகளை அரிக்கும் நாட்டில் இது சிறிய ஆய்வுப் பொருளன்று.

இணையவழித் தாக்குதல் இதே கவலையின் புதிய முகம். 2017-இல் சவூதி அரேபியாவின் பெட்ரோ கெமிக்கல் ஆலை ஒன்றில் புகுத்தப்பட்ட 'ட்ரைட்டன்' தீநிரல், விபத்தைத் தடுக்க வேண்டிய பாதுகாப்புக் கட்டுப்பாட்டுக் கருவியையே குறிவைத்தது. கூடங்குளத்தில் 2019-இல் நிர்வாக வலையமைப்புடன் இணைந்திருந்த கணினி ஒன்றில் தீநிரல் இருந்ததை இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அணுஉலைக் கட்டுப்பாட்டு அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்றும் தெரிவித்தது. கான்பூர் ஐஐடியின் சி3ஐ மையம் இத்தகைய கட்டுப்பாட்டு அமைப்புகளின் மாதிரிகளை அமைத்து, தாக்குதல்களை ஆராய்ந்துவருகிறது. மற்ற கிளைகளோடு ஒப்பிட்டால் இத்துறைக்கு அரசின் கவனம் ஓரளவு கிடைத்திருக்கிறது.

பணம் இருக்கிறது, தரவு இல்லை

மத்திய அரசு 2018 டிசம்பரில் ஒப்புதல் அளித்த சைபர்-இயற்பியல் அமைப்புகளுக்கான தேசியத் திட்டத்தின் மதிப்பு 3,660 கோடி ரூபாய். அதன்கீழ் 25 தொழில்நுட்ப மையங்கள் உருவாயின. கனரகத் தொழில் அமைச்சகத்தின் 'சமர்த் உத்யோக்' திட்டம் பெங்களூரு, புனே, டெல்லி ஆகிய இடங்களில் நவீன உற்பத்தி முறைகளைச் செய்து காட்டும் மையங்களை அமைத்தது. இவை பயனுள்ளவையே. எனினும் அங்கே காட்சிக்கு இருப்பது பெரும்பாலும் புத்தம்புது இயந்திர வரிசை. எண்பதுகளில் கட்டப்பட்டு, மூன்று முறை கைமாறி, பாதிக் கருவிகளின் கையேடு தொலைந்துபோன ஆலைக்கு அங்கு இடமில்லை. நாட்டின் ஆபத்து அப்படிப்பட்ட ஆலைகளில்தான் செறிந்திருக்கிறது.

அதைவிடப் பெரிய தடை, தரவு கிடைக்காமை. ஆலைகள் தங்கள் எச்சரிக்கைப் பதிவுகளை வழக்கறிஞருக்கு அஞ்சி வெளியே தருவதில்லை. அமெரிக்காவில் வேதிப் பாதுகாப்பு வாரியம் என்னும் சுதந்திரமான அமைப்பு, விபத்துகளை ஆராய்ந்து முழு அறிக்கையையும் பொதுவில் வெளியிடுகிறது. தண்டனை விதிப்பது அதன் வேலையன்று. 2005-இல் டெக்சஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் 15 பேர் இறந்த விபத்தில், கோபுரத்தின் திரவ மட்டம் ஏறிக்கொண்டிருந்தபோது கருவி அது இறங்குவதாகக் காட்டியது என்பதை உலகம் அறிந்தது அவ்வாறே. இந்தியாவில் அத்தகைய நிரந்தர அமைப்பு இல்லை. விபத்துக்கு ஒரு குழு, குழுவுக்கு ஓர் அறிக்கை; பல அறிக்கைகள் அமைச்சகக் கோப்பிலேயே தங்கிவிடுகின்றன.

இதன் விளைவை ஆய்வுக் கட்டுரைகளில் காணலாம். கோளாறு கண்டறியும் புதிய முறையை உருவாக்கும் இந்திய மாணவர், அதைச் சோதிக்கப் பெரும்பாலும் நாடுவது 'டென்னசி ஈஸ்ட்மன்' என்ற கணினி மாதிரியை. அமெரிக்காவின் ஈஸ்ட்மன் வேதி நிறுவனத்தைச் சேர்ந்த டவுன்ஸ், வோகல் ஆகிய இரு பொறியாளர்கள், உண்மையான ஆலை ஒன்றை அடிப்படையாகக் கொண்டு 1993-இல் வெளியிட்ட மாதிரி அது. முப்பது ஆண்டுகளாக உலகின் ஆய்வகங்கள் அதிலேயே பயில்கின்றன.

விசாகப்பட்டினத் தொட்டியைப் பற்றிய உயர்நிலைக் குழு அறிக்கையைக் கொண்டு அதைப்போன்ற ஒரு மாதிரியை இங்கே உருவாக்குவது கடினமன்று. சென்சார் எங்கே இருந்தது, குழாய் எப்படி மாற்றப்பட்டது, குளிரூட்டி எப்போது நின்றது, தடுப்புப்பொருள் எவ்வாறு குறைந்தது என்பவை அதில் பதிவாகியுள்ளன. ஸ்டைரீன் வெப்பமேறும் வேதியியல் பாடநூலிலேயே உள்ளது. ஓர் ஐஐடி ஆய்வகமும் இரண்டு முனைவர் பட்ட மாணவர்களும் போதும். நடுவில் ஒரு சென்சார் கூடுதலாக இருந்திருந்தால் எத்தனை மணி நேரத்துக்கு முன்பே ஆபத்து தெரிந்திருக்கும் என்பது, அந்த மாதிரி முதல் நாளிலேயே விடை சொல்லக்கூடிய கேள்வி.