பிள்ளைகளின் கடற்கரைச் சுற்றுலா: பஸ் கிளம்பும் முன்பே முடிவாக வேண்டியவை என்ன?

நெய்வேலி டவுன்ஷிப்பில் இருந்து கடலூர் சில்வர் பீச்சுக்கு பஸ்ஸில் சுமார் ஒரு மணி நேரம். பிச்சாவரம் இன்னும் கொஞ்சம் தள்ளி. பள்ளிச் சுற்றுலா என்றதும் இந்த இரண்டு பெயர்களும்தான் முதலில் பேச்சில் வரும். ‘காலையில போயிட்டு சாயந்திரம் வந்துடலாம்’ என்கிற அளவுக்குப் பக்கம். பக்கம் என்பதாலேயே பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம் என்ற நினைப்பும் கூடவே வந்துவிடுகிறது. அங்கேதான் சிக்கல்.

நெய்வேலிப் பிள்ளைகளுக்கு அகலமான சாலை தெரியும், சுரங்கம் தெரியும். கடலைத் தினமும் பார்த்து வளர்ந்தவர்கள் இல்லை. அலை எப்போது இழுக்கும், எந்த இடத்தில் இறங்கக் கூடாது என்பதெல்லாம் தேவனாம்பட்டினம் மீனவர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். பஸ்ஸில் வந்து இறங்கும் பிள்ளைக்குத் தெரியாது. பல நேரம் கூட வரும் ஆசிரியருக்கும் தெரியாது.

இதுவரை நடந்தவை

2007 பிப்ரவரி 20: கேரளாவின் தட்டேக்காடு பறவைகள் சரணாலயத்தைப் பார்க்கப் போன பள்ளிப் பிள்ளைகளின் படகு பெரியாற்றில் மூழ்கியது. 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் இறந்தனர். படகில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள்.

2023 பிப்ரவரி 15: கால்பந்துப் போட்டிக்காக அழைத்து வரப்பட்ட புதுக்கோட்டை மாவட்ட அரசுப் பள்ளி மாணவிகள் 4 பேர், கரூர் மாவட்டம் மாயனூரில் காவிரியில் மூழ்கி இறந்தனர். வந்தது விளையாட, இறங்கியது ஆற்றில்.

2024 ஜனவரி 18: குஜராத்தின் வதோதரா ஹரணி ஏரியில் பள்ளிச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தனர். இங்கேயும் படகில் கூடுதல் ஆட்கள். பலருக்கு லைஃப் ஜாக்கெட் இல்லை.

2024 டிசம்பர் 10: கர்நாடகாவின் முருடேஸ்வர் கடற்கரையில் கோலார் மாவட்டத்தில் இருந்து சுற்றுலா வந்த 4 மாணவிகள் அலையில் சிக்கி இறந்தனர். ஆசிரியர்கள் கைது செய்யப்பட்டார்கள்.

ஆறு, ஏரி, கடல் என்று இடம் மாறினாலும் ஒன்று பொதுவாக இருக்கிறது. ஆசிரியர்கள் கூடவே இருந்தும் பிள்ளைகளைக் காப்பாற்ற முடியவில்லை. தண்ணீர் இழுக்கத் தொடங்கிய பிறகு யாராலும் பெரிதாக எதுவும் செய்ய முடிவதில்லை. படகில் எத்தனை பேர், எங்கே இறங்கலாம், வழியில் எங்கே நிற்கக் கூடாது என்பதை முன்கூட்டியே முடிவு செய்திருந்தால்தான் பிழைக்க வழி.

கடல் எப்படி இழுக்கிறது?

கரைக்கு வந்த அலைநீர் திரும்பிப் போக ஒரு பாதை வேண்டும். சில இடங்களில் அது ஒரே வாய்க்கால் போலச் சேர்ந்து வேகமாக உள்ளே போகும். இதுதான் ‘ரிப் கரன்ட்’. அந்த இடத்தில் அலை உடைவது குறைவு. அதனால் பார்க்க அமைதியாகத் தெரியும். ‘இங்க அலையே இல்ல, இங்க இறங்கலாம்’ என்று பிள்ளைகள் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அந்த இடத்தைத்தான். ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் இன்னும் ஆபத்து. சில்வர் பீச் பக்கத்திலேயே கெடிலம் கடலில் சேர்கிறது.

சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்துப்போவார். மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்பதும், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பில் இருந்து விலகுவதும்தான் வழி.

இன்னொன்று, மூழ்கும் பிள்ளை சினிமாவில் வருவது போலக் கத்தாது. மூச்சுக்கே போராடும்போது குரல் வராது. பத்தடி தள்ளி குரூப் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பவருக்குக் கூடத் தெரியாமல் முடிந்துவிடும். அதனால்தான் ‘ஆசிரியர்கள் கூட இருந்தார்கள்’ என்பது போதாது. தண்ணீரை மட்டுமே பார்க்க ஒருவர் வேண்டும். அவர் கையில் போன் இருக்கக் கூடாது.

கடல் சீற்ற எச்சரிக்கையை ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் முன்கூட்டியே வெளியிடுகிறது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் இறந்தபோதும் எச்சரிக்கை அமலில் இருந்தது. கிளம்பும் நாள் காலையில் அதைப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

அலையாத்தியும் சரணாலயமும்

பிச்சாவரத்தில் அலை பயம் இல்லை, ஆனால் படகு இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் அளவுக்கு ஏற்ற லைஃப் ஜாக்கெட் வேண்டும், கொக்கி மாட்டியிருக்க வேண்டும். பெரியவர்களுக்கான ஜாக்கெட் சின்னப் பிள்ளையின் தலை வழியே கழன்றுவிடும். படகில் ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ண வேண்டும்.

காட்டுப் பகுதி என்றால் மூடிய காலணி, போதுமான தண்ணீர், தேன்கூட்டுப் பக்கம் சத்தம் போடாமை. பாம்பு கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்ட இடத்தை அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தண்ணீரில் இருந்து மீட்ட பிள்ளையின் வயிற்றை அமுக்கி நீரை எடுக்கும் பழக்கமும் தவறு. மூச்சு இல்லை என்றால் வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்க வேண்டும். இது தெரிந்த ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும். அவசரத்துக்கு 108. கடலில் ஆபத்து என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093.

தடை போட்டால் தீருமா?

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ‘இனி சுற்றுலாவே வேண்டாம்’ என்ற குரல் எழுகிறது. அது சுலபமான பதில். பள்ளி கூட்டிப்போகாவிட்டால் பிள்ளை பத்தாம் வகுப்பு முடிந்ததும் நண்பர்களோடு தானே போகும். அப்போது எச்சரிக்க ஒருவரும் இருக்க மாட்டார்கள். பாடப்புத்தகத்தில் படித்த அலையாத்திக் காட்டை நேரில் பார்க்கும் உரிமையும் பிள்ளைக்கு உண்டு. கடலுக்குப் பயப்படவும் கடலை ரசிக்கவும் ஒரே நாளில் கற்றுத் தருவதுதான் நல்ல சுற்றுலா.

ஆசிரியரை மட்டும் கைது செய்வதாலும் எதுவும் மாறாது. இரண்டு ஆசிரியரிடம் நூறு பிள்ளைகளை ஒப்படைத்து அனுப்பிய நிர்வாகத்துக்கும், அதிக ஆளை ஏற்றும் படகுக்காரரைக் கண்டுகொள்ளாத அதிகாரிக்கும் அதே பொறுப்பு உண்டு.

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. ‘சம்மதம்’ என்று கையெழுத்துப் போடும் முன் பள்ளியிடம் நான்கு கேள்விகள் கேட்கலாம். தண்ணீரில் இறங்குவார்களா, எவ்வளவு ஆழம் வரை? தண்ணீரை மட்டும் பார்க்கப்போவது யார்? படகு என்றால் எல்லோருக்கும் ஜாக்கெட் உண்டா? திட்டத்தில் இல்லாத இடத்தில் பஸ் நிற்குமா? நான்குக்கும் தெளிவான பதில் வந்தால் பிள்ளையை நிம்மதியாக அனுப்பலாம். ‘அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்’ என்று மட்டும் பதில் வந்தால், கையெழுத்தைக் கொஞ்சம் நிறுத்தி வைப்பதே நல்லது.