கபடிக்கு ஒரு கூரை

டோக்கியோ டோம் என்ற பேஸ்பால் அரங்கத்தின் கூரையைத் தூக்கிப் பிடித்திருப்பது காற்று. 1988-ல் திறந்த அந்த அரங்கத்தின் கூரைக்கு உள்ளே தூண் கிடையாது. மேலே இரண்டு அடுக்குத் துணி. கண்ணாடி இழையில் நெய்து டெஃப்லான் பூசியது. வெளி அடுக்கின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. எஃகு வடங்கள் அதை இழுத்துப் பிடிக்க, மின்விசிறிகள் ஓயாமல் காற்றை உள்ளே தள்ளுகின்றன. வெளியே இருப்பதைவிட உள்ளே 0.3 சதவீதம்தான் அழுத்தம் கூடுதல். அவ்வளவிலேயே கூரை உப்பி நின்றுவிடுகிறது. காற்று வெளியேறாமலிருக்க வாசலில் சுழலும் கதவு வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்பு பக்கத்திலிருந்த கொராகுவென் அரங்கம் திறந்தவெளி. மழை வந்தால் ஆட்டம் நின்றுவிடும். பிறகு ஃபுகுவோகா, ஒசாகா, நகோயா என்று வரிசையாகக் கூரை போட்டுக்கொண்டார்கள்.

எங்கள் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக்கு நான் கேட்பது மிகச் சின்னது. ஒரு கபடிக் களத்தின் மேல் ஒரு கலர் ஷீட் கூரை.

ஆண்கள் ஆடும் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். சுற்றிலும் தாராளமாக இடம் விட்டாலும் ஒரு சிறிய கல்யாண மண்டபம் அளவுதான் வரும். விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு, மயிலம் என்று இரண்டு ஊருக்கும் நடுவே எங்கே இறங்கினாலும் கபடி ஆடும் பையன்கள் இருக்கிறார்கள். மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டு அவர்களே களம் தயார் செய்கிறார்கள். இரவு ஆட்டத்துக்குக் கம்பம் நட்டு விளக்குக் கட்டுவதும் அவர்களே.

மண் ஆட்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1994-ல் ஜப்பானின் ஹிரோஷிமாவில் நடந்த ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்த மணத்தி கணேசன் மண்ணில் ஆடி வளர்ந்தவர்தான். ஆனால் அவர் காலத்தில் ஊரிலும் மண், மாவட்டப் போட்டியிலும் மண். இன்று பெரிய போட்டி எல்லாமே ‘மேட்’ (mat) என்கிற விரிப்பில். 2014-ல் புரோ கபடி தொடங்கிய பிறகு, தொலைக்காட்சியில் பிள்ளைகள் பார்ப்பதும் அதைத்தான். தேர்வுக்குப் போகும் பையன் முதன்முதலாக அங்கேதான் மேட்டில் கால் வைக்கிறான்.

அப்படி ஒரு தேர்விலிருந்து திரும்பிய பையனிடம் கேட்டேன். "மண்ணுல வெறுங்கால் பிடிச்சுக்கும்ணா. அங்க ஷூ போட்டுத் திரும்பினா கால் எங்க நிக்கும்னே தெரியல. முட்டி வேற உரசி எரியுது" என்றான். பாடிப் போகிறவன் திரும்பும் அந்த ஒரு நொடியில்தான் பிடிபடுவதும் தப்புவதும். அந்தத் திருப்பம் காலுக்குப் பழக மாதக்கணக்கில் மேட்டில் ஆட வேண்டும். ஒரே நாளில் வராது.

மேட்டை வாங்கிக் கொடுத்துவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். பல்லோடு பல் கோக்கும் சதுரத் துண்டுகள் அவை. வெயிலில் கிடந்தால் வெளிறி விறைத்துப் போகும்; நனைந்தால் வழுக்கும், அடியில் தண்ணீர் தேங்கும். கூரை இல்லாத ஊரில் மேட் ஏதாவது ஓர் அறை மூலையில் அடுக்கியே கிடக்கும். ஆகவே முதலில் கூரை.

கூரையையும் எங்கள் வானத்தை அறிந்து கட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை என்றால் இங்கே மழை. 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த ஒரே நாளில், ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தை வெள்ளம் நெருங்கி ரயில்கள் நின்றன. 2011-ன் தானே புயலில் இந்தக் கரையோரத்தில் தகரங்கள் பறந்தன. எனவே தரையை நன்றாக உயர்த்திப் போட வேண்டும். தூணுக்கு ஆழமான அஸ்திவாரம், ஷீட்டை இறுக்க நெருக்கமான போல்ட், சாரல் அடிக்கும் பக்கம் இடுப்பளவு சுவர். ஒப்பந்தத்தில் இவற்றைக் குறைத்தால் அடுத்த புயலுக்குக் கூரை இருக்காது.

ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் சிறு விளையாட்டரங்கம் என்று அரசு அறிவித்திருக்கிறது. அந்தத் திட்டத்திலேயே இதையும் சேர்க்கலாம். என் யோசனை, முதல் கூரையை மயிலம் பக்கம் போடலாம்; இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் பஸ்ஸில் வந்து ஆடிவிட்டுத் திரும்பலாம். பெண்களுக்கான களம் இன்னும் சிறியது, அதே மேட்டில் கோடு போட்டுக்கொள்ளலாம். பள்ளி விட்டதும் முதல் ஒரு மணி நேரம் அவர்களுக்கு ஒதுக்க வேண்டும். இருட்டுவதற்குள் அவர்கள் பஸ் ஏறியாக வேண்டும்.