'பீஹன்களின் தாய்' என்பது ஒரு பெயரா?

1963இல் பாப் டிலன் ஒரு போர் எதிர்ப்புப் பாட்டை எழுதினார். கடவுள் எங்கள் பக்கம் என்று சொல்லிச் சொல்லியே அமெரிக்கா நடத்திய போர்களைக் குத்திக்காட்டும் பாட்டு. அது என் பாட்டின் மெட்டு, திருடிவிட்டார் என்று டொமினிக் பீஹன் பகிரங்கமாகச் சண்டைக்கு வந்தார். டப்ளினில் பிறந்த டொமினிக் (1928–1989) நாடகாசிரியர், பாடலாசிரியர். 1957 புத்தாண்டு நாளில், ஐ.ஆர்.ஏ. நடத்திய ஒரு காவல்நிலையத் தாக்குதலில் இறந்த ஃபெர்கல் ஓ'ஹான்லன் என்ற இளைஞனை வைத்து அவர் எழுதிய 'தி பேட்ரியட் கேம்' அதற்குள் பிரபலமாகியிருந்தது. இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் டொமினிக்கின் கோபம் புரியும். மெட்டு அப்படியே ஒட்டிக்கொள்கிறது.

நாட்டார் இசை பற்றி எழுதுகிற ஆண்களுக்கு இந்தச் சண்டை மீது தீராத ஆசை. இரண்டு மேதைகள், ஒரு மெட்டு, யார் திருடன்? அதிகம் போனால், டொமினிக்கும் அதை ஒரு பழைய பாட்டிலிருந்துதான் எடுத்தார் என்று சேர்த்துச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள்.

நாம் அங்கே நிறுத்த வேண்டியதில்லை. அந்தப் பழைய பாட்டு என்ன? ஜோ ஸ்டாஃபோர்ட் என்ற அமெரிக்கப் பாடகி பாடிய 'தி நைட்டிங்கேல்' என்ற வடிவத்திலிருந்து டொமினிக் அதை எடுத்தார் என்று லியம் கிளான்சி சொல்லியிருக்கிறார். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பல பெயர்களில் உலவிய பாட்டு அது. ஒரு சிப்பாய் ஒரு பெண்ணை ஆற்றோரமாகக் கூட்டிப்போகிறான், வாத்தியம் வாசித்துக் காட்டுகிறான். என்னை மணந்துகொள் என்று அவள் கேட்கும்போது, எனக்கு ஊரில் மனைவி இருக்கிறாள் என்கிறான். ஏமாந்த பெண்ணின் கதை. டொமினிக் அந்தப் பெண்ணை எடுத்துவிட்டு, தேசத்தின் பெயரால் ஏமாந்த பையனை அங்கே உட்காரவைத்தார். டிலன் அந்தப் பையனையும் எடுத்துவிட்டு ஒரு நாட்டையே உட்காரவைத்தார். மெட்டுக்காக இரண்டு ஆண்கள் மோதிக்கொண்டார்கள். முதலில் வெளியேற்றப்பட்டவள் யார் என்ற கேள்வியே எழவில்லை.

'தி பேட்ரியட் கேம்' மோசமான பாட்டு என்று நான் சொல்லவில்லை. சாவைத் தித்திக்கத் தித்திக்கப் பாடிய ஒரு மரபின் உள்ளேயிருந்தே அந்தச் சாவைக் கசப்போடு பார்த்த பாட்டு அது. டொமினிக்கின் துணிச்சலை ஒப்புக்கொள்கிறேன். என் வழக்கு அவர் திறமையோடு அல்ல. 'படைப்பு' என்ற சொல் யாருக்குப் போகிறது, 'மரபு' என்ற சொல் யார் தலையில் கட்டப்படுகிறது என்பதோடுதான்.

டொமினிக்கின் அம்மா கேத்லீன் 1889இல் பிறந்தவர். அப்பா இறந்ததும், கோல்டன்பிரிட்ஜில் கன்னியாஸ்திரிகள் நடத்திய அநாதை இல்லத்தில் வளர்ந்தார். 1916 ஈஸ்டர் எழுச்சியின்போது போராளிகளுக்கிடையே செய்தி கொண்டுபோனவர். முதல் கணவரை 1918இன் இன்ஃபுளூயன்சா கொண்டுபோனது. பிழைப்புக்காக மாட் கானின் வீட்டில் வேலைக்குப் போனார். ஏட்ஸின் கவிதை வழியாக உலகமே அறிந்த அதே மாட் கான்தான். அந்த வீட்டுக் கதவைத் திறந்துவிட்ட பெண்ணை உலகம் அறியாது. சாரா பர்சர் என்ற ஓவியர் கேத்லீனை வரைந்தார். அந்தப் படத்துக்குக் கிடைத்த பெயர் 'துயரப் பெண்'. வரைந்தவர் ஒரு பெண்தான் என்றாலும், தலைப்பில் கேத்லீன் இல்லை.

1922இல் ஸ்டீஃபன் பீஹனை மணந்தார். அடுத்த ஆண்டு பிரெண்டன் பிறந்தபோது ஸ்டீஃபன் உள்நாட்டுப் போர்க் கைதியாகச் சிறையில் இருந்தார். மாமியாருக்குச் சொந்தமான, ரசல் தெரு 14ஆம் எண் வீட்டில் ஒண்டுக்குடித்தனம். பிறகு 1937இல், நகர விளிம்பில் புதிதாகக் கட்டிய கிரம்லின் குடியிருப்புக்கு மாற்றம். வளர்த்தது ஏழு பிள்ளைகள். இத்தனைக்கும் நடுவே நூற்றுக்கணக்கான பாட்டுகள் அவர் நினைவில் இருந்தன. புரட்சிப் பாட்டு, கேலிப் பாட்டு, இசையரங்கப் பாட்டு, தெருப்பாட்டு. பாத்திரம் கழுவும்போதும் துணி துவைக்கும்போதும் பாடினார். பிள்ளைகள் கேட்டார்கள். அவர்களை டப்ளின் தெருக்களில் நடத்திக் கூட்டிப்போய், எந்த வீட்டில் எந்த எழுத்தாளர் வாழ்ந்தார் என்று காட்டினார்.

அப்பா ஸ்டீஃபன் மாலையில் பிள்ளைகளுக்கு டிக்கன்ஸ் வாசித்துக் காட்டுவார். பீஹன் சகோதரர்களைப் பற்றி எழுதியவற்றைப் படிக்கும்போது கவனியுங்கள். அப்பாவின் வாசிப்பு 'கல்வி' ஆகிறது. அம்மாவின் பாட்டு 'சூழல்' ஆகிறது. கல்விக்கு ஆசிரியர் உண்டு. சூழலுக்கு யாரும் இல்லை, அது காற்று மாதிரி. ஒரு பெண் ஐம்பது வருடம் சேர்த்து, தேர்ந்து, நினைவில் வைத்து, தினமும் நிகழ்த்திக்காட்டியதைக் காற்று என்று சொல்லிவிட்டால் யாருக்கும் கடன் இல்லை.

இதே குடும்பத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. கேத்லீனின் அண்ணன் பீடர் கியர்னி எழுதிய பாட்டுத்தான் அயர்லாந்தின் தேசிய கீதம். 1933இல் அரசு அதன் பதிப்புரிமையை 1,200 பவுண்டு கொடுத்து வாங்கியது. அது குறைந்த தொகைதான், கியர்னி வறுமையிலேயே வாழ்ந்தார் என்பதும் உண்மைதான். ஆனால் அண்ணன் பாட்டுக்கு ஒரு விலையாவது பேசப்பட்டது. தங்கை பாடியதை விலை பேசத்தக்க பொருளாக யார் நினைத்தார்கள்?

நாட்டார் பாட்டுக்கு உரிமையாளர் கிடையாது, அது எல்லோருக்கும் பொது, இதில் என்ன பெண்ணியம் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். எல்லோருக்கும் பொதுவாகவே இருந்திருந்தால் நானும் ஒத்துக்கொள்வேன். ஆனால் இசைத்தட்டுத் தொழில் வேறு மாதிரி நடக்கிறது. உறையில் 'மரபுப் பாடல்' என்று போட்டு, பக்கத்தில் 'சீரமைத்தவர் இன்னார்' என்று போடுவார்கள். சீரமைத்தவருக்குப் பணம் வரும். அந்தப் பாட்டைத் தலைமுறைகள் கடத்தித் தந்த பெண்கள் 'மரபு' என்ற சொல்லுக்குள் கும்பலாகக் கிடப்பார்கள். பொது என்பது பெண்ணிடமிருந்து எடுக்கும்வரைதான். எடுத்த கைக்குப் போனதும் அது தனியுடைமை. அதனால்தான் டிலன்மீது டொமினிக்கால் கோபப்பட முடிந்தது!

அந்தக் காலத்தில் வேறு வழி இல்லை என்றும் சொல்ல முடியாது. 1958இல் டொமினிக்கும் ஈவன் மக்காலும் சேர்ந்து ஃபோக்வேஸ் நிறுவனத்துக்காகச் சிறுவர் தெருப்பாட்டுகளைப் பாடிப் பதிந்தார்கள். கயிறாட்டத்திலும் பந்தாட்டத்திலும் சிறுமிகள் காப்பாற்றிவைத்த பாட்டு வகை, வளர்ந்த இரண்டு ஆண்களின் குரலில் வந்தது. ஆனால் அதே மக்கால், 1960இல் தன் தாய் பெட்ஸி மில்லரோடு சேர்ந்து பாடிய ஸ்காட்டிஷ் பாடல் தட்டை வெளியிட்டார். பெட்ஸியின் பெயரும் குரலும் அதில் உண்டு. ஆக, செய்ய முடிந்த வேலைதான். கேத்லீன் பாடிய தட்டு 1981இல்தான் வந்தது. அப்போது அவருக்கு வயது 90ஐத் தாண்டியிருந்தது. 40 வயதில் அந்தக் குரல் எப்படி இருந்திருக்கும் என்று கேட்க நமக்கு வாய்க்கவில்லை.

பெண்ணின் பங்கு மறைக்க முடியாதபடி வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? அதற்கும் அதே குடும்பத்தில் எடுத்துக்காட்டு இருக்கிறது. டொமினிக்கின் அண்ணன் பிரெண்டன் ஐரிஷ் மொழியில் எழுதிய 'அன் கியல்' 1958 ஜூனில் டப்ளினில் அரங்கேறியது. அதே ஆண்டு அக்டோபரில் லண்டனில், ஜோன் லிட்டில்வுட்டின் இயக்கத்தில் அது 'தி ஹாஸ்டேஜ்' ஆனது. ஒத்திகையில் நடிகர்களோடு சேர்ந்து லிட்டில்வுட் அதை விரித்தார், பாட்டும் ஆட்டமும் கலந்தார். உலகப் புகழ் பெற்றது இந்த வடிவம்தான். பிறகு இரண்டையும் ஒப்பிட்ட விமர்சகர்கள் சிலர் என்ன கண்டுபிடித்தார்கள்? லிட்டில்வுட் மூலத்தைக் கெடுத்துவிட்டார் என்று. அம்மா கொடுத்தால் காற்று, இயக்குநர் கொடுத்தால் கலப்படம். மூன்றாவதாக 'பங்களிப்பு' என்ற சாதாரணச் சொல் ஒன்று இருக்கிறது. இவர்கள் அகராதியில் அது ஆண்பால் போலும். பிரெண்டன் குடியில் கரைந்துகொண்டிருந்த கடைசி ஆண்டுகளில், அவரை ஒலிப்பதிவுக் கருவியின் முன் உட்காரவைத்துப் பேசவைத்து, அந்தப் பேச்சைப் புத்தகங்களாக்கியவர் ரே ஜெஃப்ஸ் என்ற பெண். அட்டையில் ஆசிரியர் பிரெண்டன்தான்.

பாடலுக்குள்ளும் இதே கதை. பிரிட்டனில் சாலையும் அணையும் கட்டிய ஐரிஷ் தொழிலாளர்களின் கீதம்போல ஆகிவிட்டது, டொமினிக்கின் 'மக்கால்பைன்ஸ் ஃபியூசிலியர்ஸ்'. முதலாளியை முறைத்துப் பார்க்கும் நல்ல பாட்டு. அந்த ஆண்டுகளில் ஆண்களுக்குக் குறையாத எண்ணிக்கையில் ஐரிஷ் பெண்களும் கடல் தாண்டினார்கள். மருத்துவமனைகளில் செவிலியராக, வீடுகளில் வேலைக்காரியாக, ஆலைகளில் கூலியாக. இடுப்பொடிய உழைத்து ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். மண்வெட்டிக்குக் கீதம் உண்டு, மலச்சட்டி தூக்கிய கைக்கு இல்லை. வீட்டுவேலை செய்த பெண்ணின் மகன் எழுதிய பாட்டில்கூட இல்லை.

பிள்ளைகள் கேத்லீனைப் புகழவில்லையா? புகழ்ந்தார்கள், மனதாரவே. ஆனால் புகழ்ச்சி வேறு, கணக்கு வேறு. பெற்றவளை வானளாவப் புகழ்ந்தால் அவளுக்கு எதுவும் எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை என்பது எல்லா வீடுகளுக்கும் தெரிந்த வசதிதானே. 1984இல், அவர் இறந்த ஆண்டில், அவருடைய சுயசரிதை வந்தது. மகன் பிரையனுக்கு அவர் சொன்னது, பிரையன் எழுதியது. பின்னர் பீட்டர் ஷெரிடன் அதை நாடகமாக்க, ரோசலீன் லினஹன் தனியொருத்தியாக மேடையில் நின்று அந்த வாழ்க்கையை நடித்தார். கிழவியின் நக்கலும் வாய்த்துடுக்கும் உயிரோடு இருக்கின்றன. ஆனால் அந்தச் சுயசரிதைக்கு வைத்த தலைப்பைப் பாருங்கள்: 'எல்லா பீஹன்களுக்கும் தாய்'. சொந்தக் கதைக்குக்கூட மகன்கள் வழியாகத்தான் நுழைய வேண்டும், அதுவும் இரண்டாவது கணவரின் குடும்பப் பெயரைச் சொல்லி. முதல் கணவருக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளும் பீஹன்கள் அல்ல. அவர்களுக்கும் அவர்தான் தாய்.

இந்தப் பாட்டுகளைப் பாடுகிறவர்கள், பாடமாக வைக்கிறவர்கள், ஆய்வேடு எழுதுகிறவர்களிடம் கேட்பது பெரிய விஷயம் இல்லை. டொமினிக் பீஹன் என்று எழுதும் இடத்தில், யாரிடம் பாட்டுக் கற்றார் என்ற வரியையும் எழுதுங்கள். அந்த வரியில் 'தாய்' என்று எழுதி நிறுத்தாதீர்கள். கேத்லீன் கியர்னி, பாடகி, டப்ளின், 1889–1984.