ப்ராசசர் பழசானால் லேப்டாப்பே குப்பையா?

விமானத்தின் உடலுக்கும் இன்ஜினுக்கும் ஆயுள் ஒன்றல்ல. அதனால் இரண்டுக்கும் தேய்மானத்தைத் தனித்தனியாகப் போடலாம் என்று விமானத்தையே உதாரணமாகக் காட்டுகிறது ஐ.ஏ.எஸ். 16 என்ற பன்னாட்டுக் கணக்கியல் தரம். பி.காம். படிக்கும் யாருக்கும் இது பால பாடம். ஆனால் மடிக்கணினி என்று வந்துவிட்டால் மட்டும் இந்தப் பாடம் காற்றில் பறக்கிறது. ப்ராசசர் பழசாகிவிட்டதா? நன்றாக இருக்கும் திரை, கீபோர்டு, பாட்டரி எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கருமாதி!

2020ல் ஆப்பிள் என்ன செய்தது? மார்ச்சில் இன்டெல் ப்ராசசரோடு ஒரு மேக்புக் ஏர் விட்டது. அதே ஆண்டு நவம்பரில் தன் சொந்த எம்1 சிப்போடு இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட அதே உடல், அதே 13.3 அங்குலத் திரை. மார்ச்சில் வாங்கியவர் போர்டை மட்டும் மாற்றிக்கொள்ள வழி உண்டா? கிடையாது. முழுசாகப் புதுசு வாங்க வேண்டும்.

"மடிக்கணினியில் அதெல்லாம் முடியாதுங்க" என்பதுதான் எல்லாக் கம்பெனிகளின் வழக்கமான பல்லவி. அது பொய் என்று 2023ல் நிரூபணம் ஆனது. அமெரிக்காவின் ஃபிரேம்வொர்க் என்ற சின்ன கம்பெனி 2021ல் இன்டெல் ப்ராசசரோடு ஒரு 13 அங்குல மடிக்கணினியை விற்றது. 2023ல் அதே உடலில் பொருந்துகிற ஏ.எம்.டி. ரைசன் 7040 போர்டை வெளியிட்டது. பெட்டியோடு வரும் திருப்புளி போதும். இன்டெல் போர்டைக் கழற்றி ஏ.எம்.டி. போர்டை வைத்து மூடிவிடலாம். 2025ல் வந்த ரைசன் ஏஐ 300 போர்டும் அதே பழைய உடலில் உட்காருகிறது.

குறை சொல்பவர்கள் உண்டு. "ப்ராசசரை மட்டும் மாற்ற முடியவில்லையே, முழு போர்டையும்தானே மாற்ற வேண்டியிருக்கிறது" என்பார்கள். உண்மைதான். ப்ராசசர் போர்டோடு சால்டர் செய்யப்பட்டே வருகிறது. "பழைய ராம் உதவாதே" என்பார்கள். அதுவும் உண்மை. 2021 இன்டெல் போர்டுக்கு டி.டி.ஆர்.4, ஏ.எம்.டி. போர்டுக்கு டி.டி.ஆர்.5. 2025 இறுதியில் ராம் விலை தாறுமாறாக ஏறிய பிறகு இது சின்னச் செலவும் இல்லை.

சரி, கணக்கே போட்டுப் பார்க்கலாம். 2023ல் ரைசன் 5 போர்டு 449 டாலர். அதே ப்ராசசரோடு, ராமும் எஸ்.எஸ்.டி.யும் இல்லாத உதிரி மடிக்கணினியின் ஆரம்ப விலை 849 டாலர். ராம் எப்படியும் இரண்டுக்கும் வாங்க வேண்டும். மிச்சம் 400 டாலர். பழைய எஸ்.எஸ்.டி.யும் கையோடு இருக்கிறது. கழற்றிய இன்டெல் போர்டும் வீணில்லை. ஒரு கூட்டுக்குள் வைத்தால் அது தனியாகவே ஒரு கணினியாக ஓடும்.

"மெலிசாக வேண்டுமென்றால் எல்லாவற்றையும் ஒட்டித்தான் ஆக வேண்டும்" என்பது அடுத்த சாக்கு. இந்த மடிக்கணினியின் கனம் 15.85 மி.மீ., எடை 1.3 கிலோ. இதற்கு மேல் மெலிந்து யாருக்கு என்ன லாபம்?

ஆனால் 400 டாலர் அல்ல விஷயம். வாங்குபவரின் பேரம் பேசும் பலம்தான் விஷயம். ப்ராசசர் பிராண்டை மாற்றுவது என்றால் முழு மடிக்கணினியையும் தலைமுழுகுவது என்று இருக்கும்வரை, வாடிக்கையாளர் ஒரு கைதி. மாற்றும் செலவு ஏற ஏற விற்பவருக்குக் கொண்டாட்டம். போர்டை மட்டும் மாற்றலாம் என்றால் இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் அதே உடலுக்குள் இடம்பிடிக்க அடித்துக்கொள்ள வேண்டும். போட்டி என்று பொருளாதாரப் புத்தகங்கள் சொல்வது இதைத்தானே!

அதற்காக ஃபிரேம்வொர்க்குக்குக் கோயில் கட்ட வேண்டியதில்லை. 2025ல் அது அறிவித்த மேசைக் கணினியில் ராம் சால்டர் செய்யப்பட்டிருந்தது. வேகத்துக்காக என்று காரணம் சொன்னது. தவிர, ஒரே கம்பெனியை நம்பியிருக்கும் சுதந்திரம் அரைச் சுதந்திரம்தான். அந்தக் கம்பெனி நாளை கடையை மூடினால் அந்த உடலுக்குப் புது போர்டு யார் செய்வார்கள்?

மேசைக் கணினி உலகம் இதற்கு எப்போதோ விடை கண்டுவிட்டது. 1995ல் ஏ.டி.எக்ஸ். அளவுமுறையைக் கொண்டுவந்ததே இன்டெல்தான். அந்த அளவில் செய்த பெட்டிக்குள் இன்று ஏ.எம்.டி. போர்டும் சுகமாக உட்காருகிறது. யார் பெட்டி, யார் போர்டு என்ற கேள்வியே இல்லை. மடிக்கணினிக்கு அப்படி ஒரு பொது அளவுமுறை இன்னும் பரவலாக வரவில்லை. அறிவு போதாமல் அல்ல, முழுசாக விற்பதில்தான் காசு என்பதால்.

ஆகவே அடுத்த முறை கடையில் எத்தனை கோர், எத்தனை ஜிகாஹெர்ட்ஸ் என்று கேட்பதற்கு முன்னால் வேறொன்றைக் கேளுங்கள். "நாலு வருஷம் கழித்து இதில் எதையெல்லாம் மாற்றலாம்?" விற்பவர் திருதிருவென்று விழிப்பார். விழிக்கட்டும். நாலு பேர் கேட்டால் விழிப்பார், நாலாயிரம் பேர் கேட்டால் கம்பெனிக்குப் போன் போடுவார்.