கிழிந்த அட்டைக்கு யார் பெறுமதி சொல்வது?

கதிரவெளியில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு அம்மா, கடந்த மாதம் பழைய பால்மா டின் ஒன்றை என் முன்னால் பாயில் கவிழ்த்தார். ஒரு குடும்ப அட்டை, இரண்டு நிவாரண அட்டைகள், மகனின் தேர்ச்சி அறிக்கை, அவனுடைய தேசிய அடையாள அட்டையின் நிழற்பிரதி. நிழற்பிரதியில் முகம் கறுத்துப் போயிருந்தது. “தெளிவில்லையாம் மனே, திருப்பித் தந்திட்டாங்க” என்றார். எந்த அலுவலகம் என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. இது பல இடங்களில் நடக்கின்ற கதை.

பழைய அட்டைகளின் நிலையைப் பார்த்துத் தரம் பிரிப்பது அமெரிக்காவில் ஒரு பெரிய தொழில். 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளுக்குள் வைத்து விற்கப்பட்ட பேஸ்போல் வீரர்களின் பட அட்டைகளில், ஹோனஸ் வாக்னரின் அட்டை ஒன்று 2022 ஓகஸ்ட்டில் 72.5 இலட்சம் டொலருக்கு விலைபோனது. அதே மாதம் மிக்கி மான்டிலின் 1952 ஆம் ஆண்டு அட்டை 126 இலட்சம் டொலருக்குப் போனது. அதற்குக் கிடைத்த தரம் பத்துக்கு ஒன்பதரை. மூலைகள் மழுங்கியுள்ளனவா, ஓரங்கள் நைந்துள்ளனவா, மேற்பரப்பில் கீறல் உண்டா, படம் நடுவில் உள்ளதா என்ற நான்கையும் பார்த்தே புள்ளி போடுகிறார்கள். கை படாத அட்டைக்கே அங்கு பெறுமதி அதிகம்.

அந்தச் சந்தையிலும் ஒரு பாடம் இருக்கிறது. உயர்ந்த தரம் பெற்றிருந்த இன்னொரு வாக்னர் அட்டையின் ஓரத்தைத் தானே வெட்டிச் சீராக்கியதாக, அதை விற்ற ஏல வியாபாரி பில் மாஸ்ட்ரோ 2013 இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அழகாக இருந்த ஓரம்தான் பொய்யாக இருந்தது.

எங்கள் அட்டைகளை அந்த அளவுகோலால் அளக்க முடியாது. 2004 டிசம்பர் 26 இல் கடல் இந்தக் கரையைக் கழுவிச் சென்றது. 2006 நவம்பர் 8 இல், இடம்பெயர்ந்த மக்கள் தங்கியிருந்த கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் எறிகணைகள் விழுந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அதன்பின் வாகரைப் பிரதேசமே காலியானது. இவற்றையெல்லாம் தாண்டி வந்த அட்டை ஒன்றில் உப்புக்கறை இருக்கும், மடிப்பு இருக்கும், வியர்வையில் மை கரைந்திருக்கும். அந்தச் சேதமே அது எந்த வழியால் வந்தது என்பதற்கான சாட்சி.

அம்மாவின் நிழற்பிரதியைத் திரும்பப் பார்த்தேன். முகம் இல்லாவிட்டாலும் இலக்கம் இருந்தது. பழைய அடையாள அட்டை இலக்கத்தில் முதல் இரண்டு இலக்கங்களும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். ஆகவே ஐந்து இலக்கங்கள் மிஞ்சினாலே ஒருவர் பிறந்த நாளும் ஆணா பெண்ணா என்பதும் தெரியும். முழு இலக்கமும் இருந்தால், அவர் விண்ணப்பித்தபோது கொடுத்த விபரங்களை ஆட்பதிவுத் திணைக்களத்திடமே கேட்கலாம். அரசிடம் இருக்கவேண்டிய பதிவை, தாயின் டின்னுக்குள் தேடச் சொல்வது என்ன நியாயம்?

2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகம் உருவானது. உறவுகளைத் தேடும் குடும்பங்களுக்கு அதன்மீது நம்பிக்கை வரவில்லை என்பது ஊரறிந்தது. அதற்கான காரணங்கள் பல. ஆனால் 2025 ஓகஸ்ட் 5 இல் செம்மணி சித்துப்பாத்தியில் என்ன நடந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். மண்ணுக்குள்ளிருந்து எடுத்த உடைகளும் பொருட்களும் அடையாளம் காண்பதற்காக மக்கள் முன் வைக்கப்பட்டன. உக்கிய துணியை எவரும் ‘தெளிவில்லை’ என்று ஒதுக்கவில்லை. மண்ணில் கிடந்த துணிக்குக் கொடுத்த மரியாதையை, உயிரோடிருக்கும் தாய் நீட்டும் தாளுக்கும் கொடுக்க வேண்டும். சேதமடைந்த ஆவணத்தை வாங்கும் அதிகாரி அதன் நிலையை எழுதிப் பதிந்து, மிகுதியைத் தன் பதிவேட்டில் தேட வேண்டும். திருப்பிக் கொடுப்பது பதிலாகாது.

அதுவரை நாம் செய்யக்கூடியவை சில. பழைய அட்டையின் பிளாஸ்டிக் உறையை உரிக்காதீர்கள்; மையும் கூடவே கழன்று வரும். கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். மங்கிய எழுத்தின் மேல் பேனையால் எழுதாதீர்கள். மாஸ்ட்ரோ வெட்டிய ஓரம் போல அதுவும் சந்தேகத்தைத்தான் கொண்டுவரும். இரண்டு பக்கங்களையும் நிழல் விழாத வெளிச்சத்தில் கைத்தொலைபேசியில் படமெடுத்து, இரண்டு பேரிடமாவது கொடுத்து வையுங்கள். மூலப்பிரதியை எவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

அன்று எல்லாவற்றையும் படமெடுத்து முடிக்க இருட்டிவிட்டது. அம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய மடிப்பிலேயே மடித்து டின்னுக்குள் வைத்தார். நிழற்பிரதியைத்தான் கடைசியாக வைத்தார்.